பதினேழாவது கேள்வி

எங்கள் பேரவைக்குத் தலைவர் இல்லாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. தலைவருக்கு வேலை இருந்த நாளும் ஒன்றுகூட இருந்ததில்லை. அகில குவைத் தமிழர் பண்பாட்டுப் பேரவை என்று பெயர். அப்பாசியாவில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் முன்னாள் தலைவர்களின் படங்கள் இருந்தன. இரண்டாவது அறையில், முதல் அறையில் இடம் கிடைக்காத முன்னாள் தலைவர்களின் படங்கள் இருந்தன. உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். நானும் ஒருவன், அதை மறைப்பதற்கில்லை.

அதுவரை தலைவரைத் தேர்ந்தெடுப்பது சுலபம். யார் வீட்டு ஹால் பெரிதோ அவரே தலைவர், ஏனென்றால் செயற்குழு உட்கார இடம் வேண்டும். 1996 பிப்ரவரியில் இந்த நல்ல பழக்கம் ஒழிந்தது. கௌஸ் முகம்மது ஆங்கிலப் பத்திரிகை படித்ததுதான் காரணம். அவர் ஒரு சிமெண்ட் கம்பெனியில் நிர்வாக அதிகாரி, பேரவையின் சட்டதிட்டங்களை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய ஒரே மனிதர். அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைப் பொறுக்க முதலில் ஒரு தேர்தல், பிறகு உண்மையான தேர்தல் என்று இரண்டு வைக்கிறார்கள் என்றும், வேட்பாளர்களின் கொள்கைகளை அட்டவணை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றும் அதில் போட்டிருந்தது. கௌஸ் முகம்மது அந்தப் பக்கத்தை வெட்டி லாமினேஷன் செய்து கொண்டுவந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே பேரவைக்கு முதற்கட்டத் தேர்தல் வந்துவிட்டது, அவரே தேர்தல் ஆணையரும் ஆகிவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சேதுமாதவன் ஒரு கடிதம் கேட்டு வந்தார். சேதுமாதவன் ஷுவைக்கில் ஒரு கட்டட ஆலோசனை கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். தினமும் என் காரில்தான் வேலைக்கு வருவார், அதனால் நான் சொல்வதெல்லாம் அவர் வாயால் கேட்டது, மிச்சம் நானே பார்த்தது. அவர் மனைவி தாமரை மங்காஃபில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அங்கே மாரியம்மாள் என்று ஒரு பெண் கையில் கட்டோடு வந்திருக்கிறாள். அறந்தாங்கிப் பக்கம். மூன்று வருஷமாக மங்காஃபில் ஒரு அரபி வீட்டில் அவருடைய வயதான தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். குளியலறையில் விழப்போன கிழவியைத் தாங்கிப் பிடித்ததில் இவள் மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கிழவி நோன்பு மாதத்தில் இறந்துபோனார், மாரியம்மாளுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. ஊரில் ஒன்பது வயதில் ஒரு மகள், விட்டுவிட்டு வரும்போது ஆறு வயது.

அவளுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த அந்த வீட்டுக்காரர், மோசமானவர் இல்லை. தாமரையும் சேதுமாதவனும் போய்ப் பார்த்தபோது டீ கொடுத்துப் பேசினார். டிக்கெட்டும் நானே தருகிறேன், பாஸ்போர்ட்டையும் தருகிறேன் என்றார். ஆனால் முன்பின் தெரியாதவர்களை நம்பி ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது, நாளைக்குப் போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? எம்பஸிக்குப் போனால் ஏதோ புகார் என்று ஊர் பேசும், அது வேண்டாம். உங்கள் ஆட்களுக்குச் சங்கம் இருக்கிறதே, அவர்கள் சீல் வைத்து, இவளை நாங்கள் பொறுப்பேற்று அனுப்புகிறோம் என்று ஒரு காகிதம் கொடுக்கட்டும். மார்ச் கடைசி வியாழக்கிழமை அவர் முதுகு வைத்தியத்துக்கு லண்டன் போகிறார், நாலு மாதம் வரமாட்டார். அதற்குள் காகிதம் வந்தால் மாரியம்மாள் ஊருக்குப் போகலாம். வராவிட்டால் அவளை அனுப்பிய ஏஜென்ஸிக்காரன் வந்து கூட்டிப்போவான், வஃப்ராவில் ஒரு பண்ணைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் கையில் இல்லை; கலாஸ், அவ்வளவுதான்.

ஒரு தாள், நாலு வரி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். இதற்கு ஐந்து வாரம் இருந்தது. தாராளமான அவகாசம் என்று சேதுமாதவன் நினைத்தார். அவர் பேரவையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பழைய தலைவர் சேதுமாதவன் எழுதிக்கொண்டுவந்த கடிதத்தை வாங்கிப் படித்தார், பேனாவையும் எடுத்தார். கௌஸ் முகம்மது அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். தேர்தல் நடத்தை விதிகள் இருபதாம் தேதியே அமலுக்கு வந்துவிட்டனவாம். "சேதுமாதவன், நல்லா கவனிங்க," என்றார். "தேர்தல் நேரத்தில் ஒருவருக்குக் கெட்டது செய்தால் அது குற்றமில்லை. வழக்கமான நிர்வாகம் என்று போய்விடும். நல்லது செய்தால்தான் குற்றம். வாக்காளர் மனம் மாறிவிடும்."

அந்தப் பெண் வாக்காளரே இல்லை என்று சேதுமாதவன் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் விஷயம் இன்னும் மோசம் என்றார் ஆணையர். உறுப்பினருக்கு நல்லது செய்தாலாவது சலுகை என்று ஒரு பெயர் இருக்கிறது, உறுப்பினர் அல்லாதவருக்குச் செய்வதற்கு விதிகளில் பெயரே இல்லை. வேண்டுமானால் புதிதாக வரப்போகும் தலைவரிடம் கேட்கலாம். முதற்கட்டத் தேர்தல் மார்ச் இருபத்திரண்டு, இறுதித் தேர்தல் ஏப்ரல் ஐந்து, பதவியேற்பு ஏப்ரல் பன்னிரண்டு விழாவில். இருபத்தெட்டாம் தேதி அவள் போயாக வேண்டுமே என்றதற்கு, அமெரிக்காவில் இதற்கு நவம்பர் வரை காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

அதோடு விட்டாரா? லாமினேஷன் பக்கத்தைக் காட்டி, இதே மாதிரி ஓர் அட்டவணை வேண்டும், உங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறதாமே என்றார். சேதுமாதவன் ஒப்புக்கொண்டார். அட்டவணையில் மாரியம்மாளையும் ஒரு கேள்வியாகப் போட்டுவிட்டால், யாராவது ஒருவர் எழுத்தில் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வார் என்று அவர் கணக்கு. பாவம், அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

கேள்விகளைச் செயற்குழு மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்தது. தலைவருக்கு மேடையில் எந்த இருக்கை? விழா மலரில் தலைவர் படம் எந்தப் பக்கத்தில், வண்ணத்திலா, கறுப்பு வெள்ளையிலா? வரவேற்புரை எத்தனை பேர், நன்றியுரை எத்தனை பேர்? ஆண்டு விழா எத்தனை மணி நேரம்? பொன்னாடையை யார் முதலில் போர்த்த வேண்டும்? இப்படிப் பதினாறு. பதினேழாவதாகச் சேதுமாதவன் தானே சேர்த்த கேள்வி: மங்காஃப் மாரியம்மாளுக்குப் பேரவை கடிதம் தருமா, எப்போது?

வேட்பாளர்கள் மூன்று பேர். படிவத்தைக் கொடுத்ததும் மூவரும் எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சேதுமாதவன் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே முதல் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு மாதிரிக்காக நிரப்பினார். தலைப்பில் ஒரு பெயர் வேண்டுமே, ரகுநாதன் என்று போட்டார். இதில் ஒரு விஷயம் உண்டு. அவர்கள் ஆபீஸில் ரகுநாதன் என்று ஒரு பழைய டிராப்ட்ஸ்மேன் இருந்தார். தொண்ணூறு ஜூலையில் லீவில் ஊருக்குப் போனார், ஆகஸ்டில் ஈராக் உள்ளே வந்தது, அதோடு அவர் திரும்பவில்லை. ஆனால் மாதிரி வரைபடத் தாள்களின் ஓரத்தில் அவர் பெயரும் கையெழுத்தும் அப்படியே நின்றுவிட்டன. அந்த ஆபீஸில் தாளில் ரகுநாதன் என்று இருந்தால் அது மாதிரி, நிஜம் இல்லை என்று பியூனுக்குக்கூடத் தெரியும். அந்த ஆபீஸுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது சேதுமாதவனுக்கு அப்போது தோன்றவில்லை.

மாதிரிப் பதில்களை அவர் யோசிக்காமல் எழுதினார். எந்த இருக்கை? எது காலியோ அது. படம்? வேண்டாம். வரவேற்புரை? ஒருவர். விழா? இரண்டு மணி நேரம். பதினேழாவது கேள்விக்கு: தரலாம், இன்றே.

பிறகு ஒவ்வொரு வேட்பாளர் வீடாகப் போனார். முதலில் சிவசங்கரன், எண்ணெய்க் கம்பெனியில் மூத்த பொறியாளர், அகமதியில் தோட்டம் வைத்த வீடு. மேடை இருக்கை பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார், படம் வரைந்து காட்டினார். பதினேழாவது கேள்வி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "தனிமனிதப் பிரச்சினையைத் தீர்ப்பது ரொம்ப சுலபம், சேது. அதனாலதான் பேரவை அதைச் செய்யக் கூடாது. இவளுக்குக் கடிதம் கொடுத்தா நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளும் வீட்டுக்குப் போகணும்பா. அவளையும் அனுப்பணும். இதுக்கு எங்க முடிவு?" பதிலாக எழுதிக்கொடுத்தது: கொள்கையளவில் ஆதரிக்கிறோம், செயலளவில் ஆய்வுக்குரியது.

இரண்டாமவர் செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர், முர்காபில் ஜவுளிக்கடை. இளகின மனசு. மாரியம்மாள் கதையைக் கேட்டு நிஜமாகவே அழுதார், கைக்குட்டையை நனைத்தார். சேதுமாதவனுக்கு நம்பிக்கை வந்தது. "அந்தப் புள்ளைய விழா மேடைக்குக் கூட்டிட்டு வந்துருங்க தம்பி," என்றார் செய்கு அலாவுதீன். "எல்லா சனமும் பாக்கட்டும். நானே என் கையால கடுதாசியக் குடுக்குறேன். ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் கைக்கட்டைப் பிரிச்சுப்புடாதீங்க." விழா ஏப்ரல் பன்னிரண்டு, அவள் போக வேண்டியது மார்ச் இருபத்தெட்டு என்று சேதுமாதவன் நினைவுபடுத்தினார். செய்கு அலாவுதீன் மறுபடி அழுதார். பதில்: உள்ளம் உருகுகிறது.

மூன்றாமவர் ராஜீவ், முப்பத்து நாலு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார். அவருக்கு ஒரு ஆளை வைத்து முடிவெடுப்பதில் உடன்பாடு இல்லை. "டேட்டா பத்தாது சார். இன்னும் ஒரு முப்பது பேருக்காவது கை உடைஞ்சிருந்தா ஒரு டிரெண்ட் தெரியும்." முப்பது பேருக்கு எங்கே போவது என்று சேதுமாதவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். பதில்: தரவுகள் வந்த பின்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் தாமரைக்கு வந்த கோபம் நியாயமானது. "மூணு பேருக்கும் பொன்னாடை யார் போடணும்னு தெரிஞ்சிருக்கு. நாலு வரி எழுத மட்டும் தெரியல. நீங்க அந்தப் பேரவைக்குப் போகாதீங்க." ஆனால் வேறு எங்கே போவது? சீல் அங்கேதான் இருந்தது. மாரியம்மாள் அந்த வாரமும் கிளினிக்குக்கு வந்து, கடுதாசி எழுதியாச்சான்னு கேட்டிருக்கிறாள். எழுதிக்கிட்டு இருக்காங்க என்று தாமரை சொல்லியிருக்கிறாள்.

தப்பு அடுத்த வாரம் நடந்தது. சேதுமாதவன் மூவரின் பதில்களையும் மாதிரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையாகத் தட்டி, அச்செடுத்து ஆணையரிடம் கொடுத்தார். மாதிரியை நீக்க மறந்துவிட்டார். கௌஸ் முகம்மது அதற்குள் ஒரு புதிய லட்சியத்தில் இருந்தார். மனிதருக்கு வாக்களிப்பதால்தான் ஊர், ஜாதி, மதம், ஹால் சைஸ் எல்லாம் உள்ளே வருகிறது, கொள்கைக்கே வாக்களிக்க வேண்டும். ஆகவே பெயர்கள் இருந்த தலைப்பு வரிசையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உறையில் போட்டு அரக்கு வைத்தார். மிச்சத் தாளில் அ, ஆ, இ, ஈ என்று தன் கையாலேயே எழுதி நகலெடுத்தார். மூன்று வேட்பாளருக்கு நாலு எழுத்து எப்படி வந்தது என்று பின்னால் அவரைக் கேட்டபோது, வேட்பாளர்கள் எத்தனை பேர் என்றுகூடத் தெரிந்துகொள்ளாததுதான் தன்னுடைய நடுநிலை என்றார்.

மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தோம். மேடையில் ஒரு நீலத் திரை. வேட்பாளர்கள் யாரென்று தெரியக் கூடாதாம், திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் பேசுவார்கள். செய்கு அலாவுதீனின் கீழக்கரைத் தமிழும் ராஜீவின் ஆங்கிலமும் யாருக்குத் தெரியாது? இருந்தாலும் நாங்கள் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

அட்டவணையைக் கையில் வாங்கியதும் சேதுமாதவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எழுந்து ஓடி ஆணையரிடம் ஏதோ சொன்னார். தேர்தல் பணியாளர் வேட்பாளரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஆணையர் மைக்கிலேயே அறிவித்து அவரை உட்கார வைத்தார்.

மணி அடித்து, அ பேசலாம் என்றார்கள். பத்து நிமிடம். திரைக்குப் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. முதல் இரண்டு நிமிடம் நாங்கள் மைக் கோளாறு என்று நினைத்தோம். மூன்றாவது நிமிடத்தில் யாரோ இருமினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் அரங்கத்தில் ஒரு நிம்மதி பரவியது. பேரவையின் வரலாற்றில் மேடையில் யாரும் பேசாத பத்து நிமிடம் அதுவே முதல் முறை. முன்வரிசையில் ஒரு அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்து நேரம் முடிந்தது என்றதும் கைத்தட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஆ வந்து மேடை அமைப்பைப் பற்றிப் பேசினார், இ அழுதார், ஈ முப்பது சதவீதம் என்று ஏதோ சொன்னார்.

நான் அ என்றுதான் எழுதிப் போட்டேன். மாரியம்மாளுக்காக என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பொய். அவள் கதை எனக்குக் காரிலேயே தெரியும், இருந்தும் நான் அ என்று எழுதியது விழா இரண்டு மணி நேரம் என்பதற்காக. மற்ற மூவரும் ஆறு, ஏழு, எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். பதினேழாவது கேள்வி வரை யாருமே படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை: அ தொண்ணூற்றேழு, ஆ பதினாறு, இ பதினாறு, ஈ பன்னிரண்டு, செல்லாதவை இரண்டு. அரக்கை உடைத்து உறையைப் பிரித்து, கௌஸ் முகம்மது கம்பீரமாகப் படித்தார்: ரகுநாதன்.

யார் அது என்று யாரும் கேட்கவில்லை. இங்கேதான் எங்கள் பேரவையின் சிறப்பு இருக்கிறது. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று நூற்று நாற்பத்து மூன்று பேரும் தலையாட்டினோம். தோற்ற மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவர் சேர்ந்து இறக்கிய ஆள் இவர் என்று முடிவு கட்டினார்கள். ஆகவே மூவரும் முந்திக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். ரகுநாதனைத் தனக்கு இருபது வருஷமாகத் தெரியும் என்றார் சிவசங்கரன், கொள்கையில் தன்னைப் போலவே உறுதியானவராம். ரகுநாதன் தன் கடையில் உட்கார்ந்து டீ குடிக்காத வெள்ளிக்கிழமை இல்லை என்றார் செய்கு அலாவுதீன். ரகுநாதனோடு நேற்றுக்கூட ஃபோனில் ஸ்ட்ராட்டஜி பேசியதாக ராஜீவ் சொன்னார். அப்புறம் மூவரும் திரைக்குப் பின்னால் போய்ப் பேசி, இறுதித் தேர்தலில் யாரும் நிற்பதில்லை, மூவரும் துணைத்தலைவர்கள், ரகுநாதனே போட்டியின்றித் தலைவர் என்று அறிவித்துவிட்டார்கள். தலைவர் ரொம்ப எளிமையானவர், அதனால் வரவில்லை என்று ஆணையர் முடித்துவைத்தார்.

சனிக்கிழமை மாலை சேதுமாதவன் ஆணையரின் ஃபிளாட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மாதிரிக் கட்டம், பழைய டிராப்ட்ஸ்மேன், லீவில் போய் ஆறு வருஷம் ஆனது, அப்படி ஓர் ஆள் இப்போது குவைத்தில் இல்லவே இல்லை என்பது, எல்லாம். கௌஸ் முகம்மது பொறுமையாகக் கேட்டார்.

"இல்லாதவர்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? தொண்ணூத்தேழு ஓட்டு வாங்கியிருக்கார்," என்றார். "நீங்க வாங்கினீங்களா? நான் வாங்கினேனா? லீவில் போனார்னு நீங்களே சொல்றீங்க. அப்ப தலைவர் விடுப்பில் இருக்கிறார். விதிகளில் அதற்கு இடம் உண்டு."

சரி, தலைவர் என்று ஒருவர் வந்துவிட்டாரே, மாரியம்மாளுக்குக் கடிதம் கொடுக்கலாமா என்று சேதுமாதவன் கேட்டார். இருபத்தெட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. தாராளமாகக் கொடுக்கலாம், தலைவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த நிமிடம் சீல் வைக்கிறேன் என்றார் ஆணையர். தலைவர்தான் லீவில் இருக்கிறாரே? வரும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டியதுதான். துணைத்தலைவர்கள் போடலாமா? மூவருக்கும் சம அதிகாரம், மூவரும் ஒரே நேரத்தில் போட வேண்டும், தாளில் யார் பெயர் முதலில் என்பதற்குப் பொதுக்குழு கூட்ட வேண்டும். பொதுக்குழுவை யார் கூட்டுவது? தலைவர். எழுந்து வரும்போது எனக்கு அந்த மனிதரை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. போய்ட்டு வரோம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏஜென்ஸிக்காரன் மங்காஃப் வீட்டுக்கு வந்து மாரியம்மாளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கையை மடக்கிக் காட்டச் சொன்னானாம். பண்ணையில் பால் கறக்க இந்தக் கை போதும் என்றானாம். கிளினிக்கில் தாமரையிடம் இதைச் சொன்னபோது மாரியம்மாள் அழவில்லை. பொண்ணுக்கு நான் வர்றேன்னு எழுதிட்டேன் சிஸ்டர், இப்ப என்னன்னு எழுதுறது என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றபடியே தாமரை புருஷனிடம் கேட்டாள். "அந்த ரகுநாதன் கையெழுத்து உங்க ஆபீஸ் தாள்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"உங்களுக்குப் போட வருமா?"

சேதுமாதவன் பயந்த சுபாவம். பொய்க் கையெழுத்து, பிடிபட்டால் வேலை போகும், விசா போகும் என்றார். தாமரை மறுக்கவில்லை. போகும்தான் என்றாள். பிறகு சாதம் வடித்தாள். புதன்கிழமை ஆபீஸில் அவர் ரகுநாதனின் பழைய வரைபடத்தை விளக்குப் பலகையில் வைத்து, மேலே அட்டவணை வேலைக்காக வாங்கிவைத்திருந்த பேரவையின் லெட்டர்பேட் தாளை வைத்து, கோடு பிசகாமல் வரைந்தார். படம் வரைவதுதானே அவர் தொழில்.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் ஆணையரிடம் போனோம். கௌஸ் முகம்மது தாளைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தலைவர் வந்துட்டாரா?"

"கையெழுத்து வந்திருக்கு சார்," என்றார் சேதுமாதவன்.

மேலே எழுதியிருந்ததை ஆணையர் படிக்கவே இல்லை. தலைவர் போட்ட பிறகு படிப்பது அவமரியாதை என்று நினைத்தாரோ என்னவோ. பெட்டியைத் திறந்து சீலை எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, இரண்டு கையாலும் அழுத்தினார். என்ன எடுப்பான கையெழுத்து, பார்த்தாலே தலைவர் என்று தெரிகிறது என்று வேறு சொன்னார்.

வியாழக்கிழமை காலை கஃபீல் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது, சீல் தெரிந்தது. கலாஸ் என்று சொல்லி பாஸ்போர்ட்டைக் கொடுத்தார், டிரைவரை அனுப்பிப் பெட்டியை என் காரில் வைக்கச் சொன்னார். ஏர்போர்ட்டில் உள்ளே போகுமுன் மாரியம்மாள் என்னையும் சேதுமாதவனையும் பார்த்து, இதுல ரகுநாதன் சார் யாரு என்று கேட்டாள். அவர் வரவில்லை என்றோம்.

"அவுக என்னைப் பாத்ததே இல்லைல்ல," என்றாள். "பாத்தவுகளெல்லாம் அழுதாக, விசாரிச்சாக. அவுக பாக்காமயே எழுதிக் குடுத்துட்டாக. சொல்லிருங்க சார்." கோணல் கையால் கும்பிட்டாள், இரண்டு உள்ளங்கையும் சரியாகச் சேரவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தை வெளியே சொன்னது ஆணையர்தான், பெருமையாகத்தான் சொன்னார். புதிய தலைவர் பதவியேற்கும் முன்பே ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார் என்று நாலு பேருக்கு ஃபோன் செய்தார். துணைத்தலைவர்கள் மூவருக்கும் தாங்கவில்லை. தங்களைக் கேட்காமல் அனுப்பியதுகூடப் பரவாயில்லை, படம் எடுக்காமல் அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமையே அவசரப் பொதுக்குழு கூடிவிட்டது. பொதுக்குழுவைத் தலைவர்தான் கூட்ட முடியும் என்று சனிக்கிழமை கேட்டிருந்தேன், தலைவரை நீக்குவதற்கு அவர் கூட்ட வேண்டியதில்லையாம். குற்றப்பத்திரிகையைச் சிவசங்கரன் படித்தார். உறுப்பினர் அல்லாதவருக்கு உதவி செய்தது, கொள்கை வகுக்கும் முன்பே செயல்பட்டது, வாக்குறுதியை விழாவுக்கு முன்பே நிறைவேற்றி விழாவின் சிறப்பைக் கெடுத்தது. செய்கு அலாவுதீன் அந்தப் பெண் மேடையில் நிற்கும் காட்சியை நினைத்து அழுதார். பால்குடத்தை உடைத்த மாதிரி ஒரு நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டார் என்றார் ராஜீவ், அன்றைக்கு மட்டும் முழுத் தமிழில்.

ரகுநாதன் தன் தரப்பில் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று ஆணையர் மூன்று முறை கேட்டார். நீக்கத் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அரங்கம் முழுக்கக் கை. நானும் தூக்கினேன். எல்லோரும் தூக்கும்போது ஒருவன் மட்டும் தூக்காமல் இருந்தால் கவனிப்பார்கள். சேதுமாதவன் தூக்கவில்லை, அவரைக் கவனித்தார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆணையர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நீக்கப்பட்ட தலைவரின் செயல்கள் செல்லாது. கடிதம் செல்லாது. ஆகவே மாரியம்மாள் ஊருக்குப் போனதும் செல்லாது. அவர் உடனடியாகக் குவைத் திரும்பி, முறைப்படி விண்ணப்பித்து, ஏப்ரல் பன்னிரண்டு விழாவில் துணைத்தலைவர்கள் கையால் கடிதம் பெற்று, மறுபடி ஊருக்குப் போக வேண்டும். இதை அவருக்குத் தெரிவித்துக் கடிதம் எழுத ஒருமனதாகத் தீர்மானம்.

"அவ வீடு போய்ச் சேர்ந்துட்டா சார்," என்று சேதுமாதவன் எழுந்து சொன்னார். "இன்னிக்குக் காலையில ஃபோன் வந்துது. பொண்ணுக்கு அடையாளம் தெரியலையாம், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கிட்ட வந்துச்சாம்." அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் ஆணையர்.

லெட்டர்பேட் வந்தது. ராஜீவ் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். யார் பெயர் முதலில் என்ற பேச்சே எழவில்லை, மூவரும் ஒரே பேனாவில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கௌஸ் முகம்மது சீலை அழுத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆரம்பித்து முடிக்க எட்டு நிமிடம் ஆகியிருந்தது. தபாலில் சேர்க்கச் சொல்லித் தாளைச் சேதுமாதவனிடம் நீட்டியபோது ஆணையரின் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார். "பேரவை மனசு வச்சா எவ்வளவு வேகம்."